மாந்தீவும் மாங்கேணியும்: நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்திய கதை

மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவு என்றொரு சிறுதீவு உண்டு. நகரிலிருந்து தோணியில் போய்விடக்கூடிய தொலைவுதான். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் அங்கே தொழுநோயாளர்க்கென ஒரு வைத்தியசாலை அமைக்கப்பட்டது. வைத்தியசாலை என்று பெயர். உண்மையில் அது ஒரு தனிமைச் சிறை. போனவர் பலர் திரும்பவில்லை. நோய் அவர்களைக் கொன்றது என்பதைவிட, திரும்பி வருவதற்கு வீடு என்ற ஒன்று அவர்களுக்கு இல்லாமற் போயிற்று என்பதே பொருத்தம்.

நோயுற்றவனை ஊரிலிருந்து அகற்றுவதே ஊரைக் காக்கும் வழி என்ற எண்ணம் அக்கால மருத்துவத்தின் பொதுக்கொள்கை. ஒல்லாந்தர் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் 1708ஆம் ஆண்டிலேயே தொழுநோயாளர் இல்லம் அமைத்திருந்தனர். பிரித்தானியர் 1901இல் சட்டமே இயற்றினர். தொழுநோய்க்குத் தீவு என்றால், காசநோய்க்கு மலையும் மரச்சோலையும். பெயர் மட்டும் சற்று அழகானது: சானட்டோரியம்.

இந்தக் கொள்கை ஓர் ஏழைக் குடும்பத்தின் வாசலுக்கு வரும்போது என்ன ஆகும் என்பதை அறிய மாங்கேணியை நினைத்துப் பாருங்கள். வாழைச்சேனைக்கு வடக்கே, திருகோணமலை வீதியில், காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையே உள்ள கரையோர ஊர். கடல் ஒருபுறம், காடு மறுபுறம். மீன்பிடி, சேனைப் பயிர், கூலி வேலை, இவைதாம் பிழைப்பு. மட்டக்களப்பு நகரம் நாற்பது கிலோமீற்றருக்கும் அப்பால். இத்தகைய ஊரில் குடும்பத் தலைவன் ஒருவன் ஓராண்டு சானட்டோரியத்தில் படுத்திருக்க வேண்டுமென்று வைத்தியர் சொன்னால், அந்த ஓராண்டு அடுப்பு எப்படி எரியும்? தாய்க்கு நோய் வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது? மருத்துவ நூல்கள் இந்தக் கேள்விகளை நெடுங்காலம் கேட்கவில்லை. கேட்டுப் பதிலும் கண்ட இடம் சென்னை. கண்ட ஆண்டுகள் 1956 முதல் 1959 வரை. உலகின் மருத்துவ நடைமுறையையே மாற்றிய அந்த ஆய்வைப் பற்றித் தமிழர்களாகிய நாம் பேசுவது மிகக் குறைவு என்பதாலேயே இக்கட்டுரை.

முதலில் சானட்டோரியம் பற்றிச் சில சொற்கள். மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்குச் சொல்லப்பட்ட சிகிச்சை மூன்று: ஓய்வு, தூய காற்று, நல்ல உணவு. ஐரோப்பாவில் தோன்றிய இம்முறை தென்னிந்தியாவுக்கும் வந்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915இல் மிஷன் சபைகள் சேர்ந்து ஒரு சானட்டோரியம் திறந்தன. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரிமுத்து என்ற தமிழர் ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் அங்கே மின்ரயில் நிலையத்தின் பெயரே சானட்டோரியம்தான். இலங்கையில் காங்கேசன்துறையிலும் வெலிசறையிலும் இத்தகைய நிலையங்கள் இருந்தன.

இதே சௌரிமுத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானட்டோரியம் நடத்தி வந்தவர். அங்கே 1917இல் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் ஒருவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். குளிரும் பிடிக்காத உணவும் தனிமையும் அந்த மனிதரை எவ்வளவு வருத்தின என்பது அவரது வரலாற்றைப் படித்தோர் அறிந்ததே. அவருக்கு இருந்தது காசநோய்தானா என்பதிலேயே பிற்கால மருத்துவர்களுக்கு ஐயம் உண்டு. தனிமை மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது.

மருந்துகள் பின்னர் வந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது. அடுத்துப் 'பாஸ்' எனப்பட்ட மருந்து. 1952இல் ஐசோனியாசிட், விலை மலிவு, வாய்வழி உட்கொள்ளலாம். இந்த வரிசையில் மருந்துக்குச் சமமான இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. அதுதான் ஆய்வுமுறை. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் ஸ்ட்ரெப்டோமைசின் மிகக் குறைவாகவே கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க முடியாது. அப்படியானால் யாருக்குக் கொடுப்பது? பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் சொன்ன வழி சீட்டுக் குலுக்குவது போன்றது. 107 நோயாளிகளில் 55 பேருக்கு ஓய்வோடு மருந்து, 52 பேருக்கு ஓய்வு மட்டும். யார் எந்தப் பிரிவு என்பதை வைத்தியரின் விருப்பமோ நோயாளியின் செல்வாக்கோ தீர்மானிக்கவில்லை. 1948இல் வெளியான அந்த ஆய்வறிக்கையே இன்றைய மருத்துவச் சோதனைகளுக்கு முன்மாதிரி. ஹில் தாமே முதல் உலகப் போரின்போது காசநோயால் பாதிக்கப்பட்டுப் பல மாதம் படுக்கையில் கிடந்தவர். மருத்துவம் படிக்கும் கனவை அந்த நோயிடம் இழந்தவர், பிற்காலத்தில் மருத்துவர்களுக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இனிச் சென்னைக்கு வருவோம். ஐம்பதுகளின் நடுப்பகுதியில் இந்திய அரசு காசநோய் பற்றி நடத்திய பெருங்கணக்கெடுப்பு ஓர் அதிர்ச்சியைத் தந்தது. நகரத்து நெரிசலின் நோய் என்று எண்ணப்பட்ட காசம், கிராமங்களிலும் ஏறத்தாழ அதே அளவில் பரவியிருந்தது. இத்தனை பேருக்கும் படுக்கைகள் கட்டுவது நூறாண்டு ஆனாலும் நடவாத காரியம். மருந்தோ கையில் இருந்தது. அப்படியானால் படுக்கை எதற்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கூடி 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. அதை வழிநடத்த வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர். இந்திய அரசின் காசநோய் ஆலோசகராக இருந்து இம்முயற்சிக்குத் துணை நின்றவர் டாக்டர் பி.வி. பெஞ்சமின். அவர் வந்த இடம் ஆரோக்கியவரம் சானட்டோரியம்! வாழ்நாளெல்லாம் சானட்டோரியத்தில் உழைத்தவர், சானட்டோரியம் தேவைதானா என்று கேட்கும் ஆய்வுக்குக் கைகொடுத்தார். பொதுவாழ்வில் நான் கண்ட பெரிய மனிதர்கள் பலரிடத்தும் இக்குணம் அரிது.

ஆய்வின் அமைப்பு எளியது. சென்னை நகரின் ஏழை நோயாளிகளைச் சீட்டு முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவு ஓராண்டு சானட்டோரியத்தில். அங்கே ஓய்வு, காற்றோட்டம், சத்துணவு, தாதியர் கவனிப்பு. மறு பிரிவு தம் குடிசையில், தம் நெரிசலில், தம் வறுமையில். இரு பிரிவுக்கும் மருந்து ஒன்றே: ஐசோனியாசிட்டும் பாஸும், பன்னிரண்டு மாதம். வீட்டுப் பிரிவினரில் பலர் சற்றுத் தேறியதும் வேலைக்குப் போனார்கள். போகாதே என்றால் சோற்றுக்கு வழி?

எளிதாகச் சொல்லிவிட்டேன், நடத்தியது எளிதன்று. பாஸ் என்பது வயிற்றைப் புரட்டும் மருந்து. சில மாதங்களில் இருமல் நின்று உடம்பு தேறியதும் நோயாளி அதை விழுங்குவதை நிறுத்திவிடுவான். மனித இயல்பு அது. எனவே மையத்தார் நோயாளி சொன்னதை மட்டும் நம்பியிருக்கவில்லை. சுகாதாரப் பணிப்பெண்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்தார்கள். எஞ்சியிருந்த மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிற்றா என்று பார்த்தார்கள். வராத நோயாளியைத் தேடிச் சந்து சந்தாக அலைந்தார்கள். குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசி, குடும்பச் சண்டைகளையும் தீர்த்துவைத்தார்கள். அறிக்கையின் முகப்பில் பெயர் வராத இந்தப் பெண்களின் கால்நடையே அந்த ஆய்வின் முதுகெலும்பு.

1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் முடிவு வெளிவந்தது. முதன்மைக் கணக்கில் வந்தோர் 163 பேர். வீட்டில் 82, சானட்டோரியத்தில் 81. ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியோர் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானட்டோரியப் பிரிவில் 92 விழுக்காடு.

இந்த இரு எண்களை எந்தப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்தாலும் 'சானட்டோரியமே சிறந்தது' என்று தலைப்பிட ஒரு உதவி ஆசிரியர் இருப்பார். நானும் அந்த மேசையில் உட்கார்ந்தவன்தான். ஆனால் எண்பத்தொரு பேரில் ஆறு விழுக்காடு என்பது ஐந்து மனிதர். இத்தனை சிறு தொகையில் ஐந்து பேர் இப்படியோ அப்படியோ போவது தற்செயலாகவும் நிகழும். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளியும் மறைந்துவிட்டது. இரு பிரிவிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் நலமாயிருந்தனர்.

இதைவிடப் பெரிய அச்சம் ஒன்று இருந்தது. ஒரே அறையில், ஒரே பாயில் குழந்தைகளோடு படுக்கும் நோயாளியை வீட்டில் விட்டால் குழந்தைகளின் கதி என்ன? ஆய்வாளர்கள் இரு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டு தொடர்ந்து சோதித்தனர். நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வந்தது என்று காட்ட எதுவும் அகப்படவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. நோய் கண்டறியப்படுமுன் அவன் இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றிவிட்டது. மருந்து தொடங்கியதும் கிருமி விரைவில் அடங்குகிறது. ஆக, அவனை வீட்டிலிருந்து பிரித்தெடுத்தது காலங்கடந்த காவல்.

நோயாளியின் நலம் என்பதற்கு அன்றுவரை இருந்த பொருள் இந்த ஒரே முடிவால் மாறிற்று. நோயாளி தாயாகவும் தகப்பனாகவும் தொழிலாளியாகவும் இருந்துகொண்டே குணமடையலாம் என்று ஆயிற்று. செல்வ நாடுகளே சானட்டோரியங்களை மூடத் தொடங்கியதில் சென்னைக் குடிசைகளுக்குப் பங்கு உண்டு. மருத்துவ அறிவு மேற்கிலிருந்து கிழக்கே வருவதே வழக்கம்; இம்முறை எதிர்த்திசையில் போயிற்று.

தொழுநோயிலும் இதே கதைதான் சற்றுப் பின்னே நடந்தது. நாற்பதுகளில் டாப்சோன் வந்தது. அறுபதுகளில் அதற்கு அடங்காத கிருமிகள் தோன்றியது உறுதியாயிற்று. 1981இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்தது. இலங்கையில் அது 1983இல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கூட்டு மருந்தைத் தொடங்கிய நோயாளி விரைவிலேயே பிறருக்குத் தொற்றாதவன் ஆகிறான். வீட்டிலேயே மாத்திரை விழுங்கலாம். மாந்தீவுக்குத் தோணி ஏற வேண்டியதில்லை. மருத்துவ நோக்கில் அந்தத் தீவின் தேவை அன்றே முடிந்துபோயிற்று. இன்றும் மட்டக்களப்பு மாவட்டத்தில் புதிய தொழுநோயாளர் கண்டறியப்படுகின்றனர். பலர் பிந்தியே வருகின்றனர். மருந்துக்கு அஞ்சி அல்ல, பெயருக்கு அஞ்சி. தீவின் நினைவு தீவைவிட நீண்ட ஆயுள் உடையது.

சென்னை ஆய்வின் புகழை மட்டும் பாடிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்த ஆய்வில் இரண்டு பாதிகள் உண்டு. படுக்கை வேண்டாம் என்பது ஒரு பாதி. வீட்டுக்குத் தேடி வரும் பணிப்பெண் வேண்டும் என்பது மறு பாதி. முதற்பாதியால் செலவு குறையும். இரண்டாம் பாதியால் செலவு உண்டு. அரசுகள் எந்தப் பாதியை ஆவலோடு பற்றிக்கொண்டன என்று சொல்ல வேண்டுமா? மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, அவன் வராவிட்டால் 'தவறியவர்' என்று பதிவேட்டில் எழுதினார்கள். தவறியது யார் என்று பதிவேடு சொல்வதில்லை.

1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 1963இல் வெளியாயிற்று. கிராமத்து மக்கள் அறியாமையால் சிகிச்சைக்கு வருவதில்லை என்பது அக்காலத்து அதிகாரிகளின் மந்திரம். ஆய்வு சொன்னது வேறு. நோயாளிகளில் ஆகப் பெரும்பாலோர் தம் உடம்பில் ஏதோ கோளாறு என்று உணர்ந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே அரச மருத்துவ நிலையங்களுக்குப் போயும் இருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்துப் போத்தல்! சென்னையின் ஆய்வு எவ்வளவு புகழ்பெற்றதோ அவ்வளவுக்கு இதுவும் பெற்றிருக்க வேண்டும்.

சென்னை மையம் இன்னும் ஒரு கேள்விக்கும் விடை தேடியிருந்தது. அது உணவு பற்றியது. சானட்டோரியத்தார் நன்றாக உண்டனர். எடையும் கூடுதலாக ஏறினர். வீட்டிலிருந்தோர் அரைவயிற்றுக்காரர். ஆயினும் கிருமி அடங்கியதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 1961இல் வெளிவந்த கட்டுரை கூறியது. மருந்து ஒழுங்காக உள்ளே போனால் வறியவனும் குணமடைவான் என்பதே அதன் பொருள். வறியவனுக்கு அது நற்செய்திதான். ஆனால் காலப்போக்கில் அது 'காசநோய்க்கு உணவு முக்கியமன்று' என்று சுருங்கிப் பாடப்புத்தகத்தில் குடியேறியது. சொல்லாததைச் சொன்னதாகக் கொள்வது பத்திரிகையாளரின் நோய் மட்டும் அல்ல போலும்.

மாங்கேணிப் பக்கத்து மக்களுக்கு இவ்வரலாற்றில் இன்னொரு வாசகமும் சேர்கிறது. வீட்டுச் சிகிச்சை என்றால் வீடு இருக்க வேண்டுமே? 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை வாகரைக் கரையோரத்தைக் கொண்டுபோயிற்று. இரண்டாண்டு கழியுமுன் போர் வந்தது. 2006இன் பிற்பகுதியில் அப்பிரதேச மக்கள் ஆயிரமாயிரமாய்க் காடு வழியாகவும் வாவி கடந்தும் வெளியேறினர். 2007 சனவரி 19இல் வாகரை இராணுவத்திடம் வீழ்ந்தது. நோயாளியைத் தேடி வரும் பணியாளருக்கு முகவரி வேண்டும். கூடாரத்திலிருந்து கூடாரத்துக்கு மாறும் மனிதனுக்கு முகவரி ஏது? நாள் தவறாமல் பல மாதம் விழுங்க வேண்டிய மாத்திரை எதுவாயினும், இடப்பெயர்வே அதன் முதற்பகை. காசநோயில் பாதியில் நின்ற சிகிச்சை கிருமிக்கு மருந்தை எதிர்க்கும் பயிற்சியாகவும் அமைந்துவிடுகிறது. சென்னை ஆய்வில் வறுமை இருந்தது, நெரிசல் இருந்தது. வீடு மட்டும் நிலையாக நின்றது. அந்த நிபந்தனையை அறிக்கையில் யாரும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

போர் முடிந்து வீதியும் பாலங்களும் புதுப்பிக்கப்பட்டுவிட்டன. காசநோய் மருந்துக் காலமும் குறைந்துள்ளது. ஃபாக்ஸும் கிருமியியலாளர் மிச்சிசனும் எழுபதுகளில் கிழக்கு ஆபிரிக்காவில் தொடங்கி நடத்திய ஆய்வுகளின் பயனாகப் பன்னிரண்டு மாதம் ஆறு மாதம் ஆயிற்று. இலங்கையில் அந்த ஆறு மாத மருந்து இலவசம்.

உணவுக் கேள்வி மட்டும் அறுபதாண்டு காத்திருந்தது. அதை மீண்டும் எடுத்தவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதியர். உடன் நின்றது சேத்துப்பட்டின் அதே நிறுவனம், தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற இன்றைய பெயரில். ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஆய்வு நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்தம் குடும்பத்தார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொதி கொடுத்தார்கள். பட்டினி கிடக்கும் நோயாளிக்கு ஒப்பீட்டின் பெயரால் உணவை மறுப்பது தகாது என்பதால், சீட்டுமுறை ஒப்பீடு குடும்பத்தார் அளவில் மட்டுமே. ஒரு பிரிவுக் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும். மறு பிரிவுக்கு அது இல்லை. 2023இல் வெளிவந்த முடிவின்படி, பொதி பெற்ற குடும்பத்தாரிடையே காசநோய் 39 விழுக்காடு குறைவு. தொற்றும் தன்மையுள்ள நுரையீரல் வகை 48 விழுக்காடு குறைவு. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து விழுக்காடு ஏறியோர் இறக்கும் வாய்ப்பு மற்றோரைவிட 61 விழுக்காடு குறைந்திருந்தது.

1961இன் ஆய்வு பொய்யாகிவிடவில்லை. அது கிருமியைக் கணக்கிட்டது. இது சாவையும் பக்கத்துப் பாயில் படுத்திருந்த பிள்ளையையும் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதே வழியில், நோய் கண்டறிந்த நாளிலேயே எடையையும் மூச்சையும் துணையின்றி நிற்கும் வலுவையும் பார்த்து, மிகவும் நலிந்தோரை மட்டும் மருத்துவமனையில் சேர்க்கிறது. படுக்கை முழுவதும் வேண்டாதது அன்று. யாருக்கு வேண்டும் என்பதே கேள்வி என்று ஆயிற்று. இந்திய அரசு நோயாளிகளின் உணவுக்கென 2018 முதல் வழங்கிவந்த மாதம் 500 ரூபாயை 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தியது.